நெற்றியில் ஒரு கட்டைவிரல் அகலம்

அலபாமா எல்லைக்குப் பக்கத்துக் கடலோர ஊரான பாஸ்ககூலாவில் ஆகஸ்டில் யாருடைய முகமும் காய்ந்திருக்காது. காலை ஏழு மணிக்கே விரிகுடாவிலிருந்து ஈரக்காற்று வந்து ஜன்னல் கண்ணாடியில் படிந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் மழை ஒரு பாட்டம் அடித்து ஓயும். அதன் பிறகு தார் ரோடு ஆவி விடும். காற்று வடக்கே இருந்து திரும்பினால் மீன்தூள் ஆலையின் நாற்றமும் சேர்ந்துகொள்ளும். இந்த ஊரில், இந்த மாதத்தில், ஒரு முகத்தை நான்கு மணி நேரம் மினுங்காமல் வைத்துக் காட்ட வேண்டும். ஜெனெலுக்கு வாய்த்த பரீட்சை அது.

ஜெனெலுக்கு இருபத்து மூன்று வயது. பகலில் லாண்டரியில் கப்பல் கட்டும் யார்டு ஆட்களின் சீருடைகளுக்கு இஸ்திரி போடுவாள். செவ்வாய், வியாழன் மாலைகளில் ஒப்பனை வகுப்பு. வகுப்பு எடுத்த பெட்டிஸ் டீச்சர் கடைசிப் பரீட்சைக்கு வைத்த விதிகள் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். எண்ணெய் வழியும் சருமமுள்ள ஒருவருக்கு ஒப்பனை செய்ய வேண்டும். முடித்ததும் ஒரு படம், சரியாக நான்கு மணி நேரம் கழித்து ஒரு படம், இரண்டும் ஜன்னல் வெளிச்சத்தில், நேரம் பதிவாகும்படி. இடையில் பவுடர் தொடக்கூடாது. எண்ணெய் ஒற்றும் தாளை இரண்டே முறை வைக்கலாம். இரண்டாவது படத்தில் மினுமினுப்பு எங்கே தெரிந்தாலும் தோல்வி.

மே மாதம் ஒரு முறை தோற்றாயிற்று. இந்த முறையும் தோற்றால் பருவம் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். மார்க்கெட் தெரு அழகு நிலையத்தில் செப்டம்பரிலிருந்து அவளுக்கென்று பேசி வைத்திருந்த ஒப்பனை வேலைக்கான நாற்காலி வேறொருத்திக்குப் போய்விடும். “சர்டிபிகேட்டோட வந்தா நாற்காலி. இல்லாம வந்தா தொடப்பம்” என்று அந்தக் கடைக்காரம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டாள்.

முகத்துக்கு ஜெனெல் வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. அக்காள் கார்லிஸின் முகம் வீட்டிலேயே இருந்தது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் விடியற்காலை ஐந்திலிருந்து வேலை பார்த்து, இரண்டு மணிக்கு வீடு திரும்பி, மழைச் சத்தத்தில் நாலரை வரை தூங்கி எழுகிற முகம். எழும்போதே பளபளவென்று எழும். அந்தக் கார்லிஸுக்கு ஆகஸ்டு கடைசி சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை லவெல் யார்டில் வெல்டர். கல்யாண ஒப்பனையையே பரீட்சையாக வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது கார்லிஸ்தான்.

“ஒரே முகம், ரெண்டு வேலை. எனக்கும் அழகு, உனக்கும் பாஸு.”

“பாஸான பிறகு சொல்லு.”

“நீ எதையாவது நம்பித் தொலையேன்டி.”

ஜெனெலிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒரு பக்கம். மேலே தேதி, வெப்பம், பூசிய வரிசை. கீழே ஒரு முட்டை வடிவ முகம் வரைந்து, மினுக்கம் வந்த இடத்தில் பென்சிலால் நிழலடிப்பாள். முதல் ஒத்திகையில் சோப்பு போட்டு முகம் கழுவச் சொல்லி ஆரம்பித்தாள். ஒரு மணி பத்து நிமிடம் தாங்கியது. “எண்ணெய்ச் சருமத்தைச் சோப்பு போட்டு வறட்டினா அது கோவிச்சுக்கும். ரெண்டு மடங்கு சுரக்கும்” என்று பெட்டிஸ் டீச்சர் வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. எனவே இரண்டாவது ஒத்திகைக்கு சோப்பை விட்டுவிட்டு ஈரத்துணியால் மட்டும் துடைத்தாள்.

அன்று சாயங்காலம் அடுப்பில் அம்மா வெர்டெல் மடவை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசை ஓரத்தில் கார்லிஸ், முகத்தை ஜன்னல் பக்கம் நீட்டியபடி.

“ஆடாத.”

“மூக்கு அரிக்குதுடி.”

“அரிக்கட்டும். தொட்டா அடியில போட்ட பிரைமர் பூச்சு போயிரும்.”

“நான் எண்ணெய்ச் சட்டி மாதிரி இருந்தப்பதான் லவெல் பார்த்தான். அப்பதான் கட்டிக்கிறியான்னு கேட்டான். இப்ப எதுக்கு இத்தனை பூச்சு?”

“எண்ணெய்ச் சட்டி இங்க இருக்கு” என்றாள் வெர்டெல், கரண்டியால் சட்டியைத் தட்டி. “நீ வாயை மூடிக்கிட்டு உட்காரு.”

“மா, நீ பொரிக்கிற ஆவி பூரா இவ மூஞ்சில போய் உட்காருது.”

“அப்ப ராத்திரிக்கு என்ன தின்பே? பவுடரா?”

கார்லிஸ் சிரித்துவிட்டாள். கன்னத்தில் பூசிய ஃபவுண்டேஷன் சுருங்கிக் கோடு விழுந்தது. ஜெனெல் ஸ்பாஞ்சின் முனையால் கோட்டை ஒற்றி எடுத்தாள். மெல்லிய பூச்சு, ஒரு நிமிடம் காயவிடுதல், மறுபடி மெல்லிய பூச்சு. கார்லிஸின் நிறத்துக்கு வெள்ளைப் பவுடர் சாம்பல் பூத்தாற்போல் நிற்கும் என்பதால், இரண்டு பவுடர்களைக் கலந்து வறுத்த நிலக்கடலைத் தோலின் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். பஃப்பை உள்ளங்கையில் மடித்து, தேய்க்காமல், அழுத்தி அழுத்தி எடுத்தாள்.

ஐந்து இருபதுக்கு முடிந்தது. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு நெற்றி நடுவில் மினுங்கியது.

‘முப்பத்தெட்டு நிமிடம்’ என்று எழுதினாள். அதன் கீழே, ‘பவுடரைத் தேய்த்துவிட்டேனோ? ஒற்றியதாகத்தான் நினைவு. நினைவை நம்பலாமா தெரியவில்லை’ என்று எழுதினாள்.

வியாழக்கிழமை வகுப்பில் நோட்டை நீட்டினாள். பெட்டிஸ் டீச்சர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

“ஊர் உலகத்துல எல்லாருக்கும் மூக்கோரத்துலதான் முதல்ல வரும். உங்க அக்காளுக்கு மட்டும் நெத்தி நடுவுலயா?”

“ரெண்டு தடவையும் அங்கதான் டீச்சர்.”

“அப்ப நீ அங்க பிரைமரை அப்பியிருக்கே. அளவு தெரியல உனக்கு.”

பின்வரிசையில் யாரோ, “கல்யாணத்தன்னைக்கு லைட் செலவு மிச்சம்” என்றார்கள். வகுப்பே சிரித்தது. ஜெனெலும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து நோட்டில், ‘பிரைமர்: பட்டாணி அளவு என்று நான் நினைப்பது பட்டாணி அளவுதானா?’ என்று எழுதிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்து அருகில் வைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது ஒத்திகைக்கு நெற்றியில் பிரைமரே போடவில்லை. மீன் பொரிக்க வேண்டாம் என்று கெஞ்சினாள். அம்மா முணுமுணுத்துக்கொண்டே பட்டர் பீன்ஸும் வெண்டைக்காயும் வேகவைத்தாள். ஜெனெல் மின்விசிறியை அக்காள் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தாள். ஃபவுண்டேஷனுக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை பவுடர்.

முப்பத்தைந்து நிமிடம். பவுடர் மினுக்கத்தைக் குடித்துத் திப்பித்திப்பியாகவும் நின்றது.

“துடைச்சுத் தொலை” என்றாள் ஜெனெல். பிரஷ்ஷை மேசையில் போட்டாள். அது உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

“நான் என்னடி பண்ணினேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல. உன் நெத்திதான்.”

“கல்யாண வீட்டுல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே” என்றாள் வெர்டெல். “மினுங்கினா மினுங்கட்டும். மாப்பிள்ளை வந்து நின்னாப் போதும்.”

கார்லிஸ் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே வீட்டில் கார்லிஸுக்கே ஒரு கல்யாணம் நின்றிருக்கிறது. அந்த மாப்பிள்ளை வியாழக்கிழமை வந்து கேக் ருசி பார்த்தான். “கார்ல பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன்” என்று சாவியைச் சுழற்றிக்கொண்டு போனான். அவன் அலபாமா எல்லையைத் தாண்டிய பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கேக் மூன்று வாரம் குளிர்பெட்டியில் கிடந்தது. அதை வெட்டவோ வீசவோ யாருக்கும் கை வரவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை, விருந்தாளிகள் வருகிறார்களென்று வீட்டுப் படுக்கை விரிப்புகளையெல்லாம் ஜெனெல் லாண்டரிக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனாள். இயந்திரத்தில் போடுமுன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பது வேலைப் பழக்கம். கார்லிஸின் தலையணை உறையைப் பிரித்தவள் அப்படியே நின்றாள்.

முகத்து எண்ணெய் படிந்தால் உறை மேலே அகலமாக, தேநீர் நிறத்தில் மங்கும். இது அப்படியில்லை. ஓரமாக ஒரே இடத்தில், பழைய நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைத்தாற்போல், இலேசான பச்சையோடிய வட்டங்கள். மூக்கருகே கொண்டுபோனாள். நான்கு வருஷமாகக் கறைகளோடு இருக்கிறாள். கிரீஸ், மீன் எண்ணெய், தலைக்குப் போடும் பசை எல்லாம் தெரியும். இது ஆலிவ் எண்ணெய்.

பையிலிருந்து நோட்டை எடுத்தாள். மூன்று முட்டை முகங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தாள். நெற்றி நடுவில் மேலிருந்து கீழே ஒரு கட்டைவிரல் அகலம் நிழல். பிறகு குறுக்கே ஒரு கட்டைவிரல் அகலம். தானே வரைந்தது. மூன்று தடவை வரைந்திருக்கிறாள். ஞாயிறு தவறாமல் பிஸ்கா மலை என்ற பெயருள்ள ஆலயத்தில் பாஸ்டர் பிணியாளிகளின் நெற்றியில் எண்ணெயால் போடுகிற சிலுவையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவள்.

வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தாள். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அக்காளின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. கார்லிஸ் மல்லாந்து தூங்கினாள். வெர்டெல் கட்டிலருகே முழங்கால் போட்டு, ஒரு கையில் சின்னக் கண்ணாடிப் புட்டியும், மறுகைக் கட்டைவிரல் மகளின் நெற்றியிலுமாக, உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

ஜெனெல் சமையலறையில் காத்திருந்தாள். அம்மா புட்டியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“எத்தனை நாளா மா?”

வெர்டெல் திடுக்கிட்டாள். ஆனால் பதில் சொன்னாள். “மூணு வாரமா. பாஸ்டர் ஜெபிச்சுக் கொடுத்த எண்ணெய்.”

“மூணு வாரமா நான் எதை எழுதறேன், எதை அழிக்கறேன்னு உனக்குத் தெரியும். ராத்திரி உட்கார்ந்து பட்டாணியை அளந்தேன் மா. பட்டாணியை!”

“கத்தாத, அவ தூங்கறா. இத்தனூண்டு எண்ணெய். அதுவா மினுங்கும்னு எனக்கென்ன தெரியும்?”

“எண்ணெய் மினுங்காம?”

“ஜெபிச்ச எண்ணெய்டி அது.”

ஜெனெலுக்குச் சிரிப்பு வரவில்லை. “இது என் பரீட்சை. இதுல போனா நாற்காலி போச்சு. இன்னும் எத்தனை வருஷம் யார்டுக்காரன் சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்றே?”

“சரி. நான் நிறுத்திடறேன்” என்றாள் வெர்டெல். குரல் இறங்கியிருந்தது. “நிறுத்தின மறுநாள் இவனும் சாவியைச் சுத்திக்கிட்டுப் போனான்னா, நீ வந்து அவளை எழுப்பிச் சொல்றியா? போன தடவை நான்தான் சொன்னேன். நான்தான் எழுப்பினேன்.”

ஜெனெல் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மழை விட்டபோது சொன்னாள்.

“வேற எங்கயாவது வை.”

“வேற எங்க?”

“உள்ளங்கை.”

“கையைத்தான் நீ கிரீம் போட்டுத் துடைச்சுடறியே.”

“அப்ப உள்ளங்கால். அங்க நான் வர மாட்டேன்.”

வெர்டெல் புட்டியை வெளியே எடுத்துப் பார்த்தாள். “கால்ல வச்சா கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரா?”

“வழுக்கி விழாம நடந்தா சரி.”

அம்மா அவளை முறைத்தாள். ஆனால் ஒப்புக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல கிளென்சர் போட்டு இரண்டு முறை கழுவச் சொல்லி, ஈரப்பதத்துக்கு ஜெல் போட்டு, நாலாவது ஒத்திகை. மூன்று மணி ஐம்பது நிமிடம் வரை ஒன்றுமில்லை. அதற்கு மேல் கார்லிஸ் உட்கார மறுத்துப் படுக்கப் போய்விட்டாள். ‘பத்து நிமிடம் தெரியாது’ என்று ஜெனெல் எழுதினாள். எழுதிவிட்டு அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தே விழித்துக் கிடந்தாள்.

சனிக்கிழமை. ஆலயத்தின் பக்கவாட்டு அறையில் பன்னிரண்டு பத்துக்கு ஒப்பனை முடிந்தது. ஜன்னலருகே நிறுத்தி முதல் படம் எடுத்தாள். நான்கு பத்துக்கு அடுத்தது. வெளியே கார்கள் வந்து நிற்கும் சத்தம். லவெல் வந்துவிட்டான் என்று யாரோ கதவு வழியாகச் சொல்லிப் போனார்கள். ஒரு மணிக்கு மூக்கோரத்தில் பொட்டுப் பொட்டாக எண்ணெய் எட்டிப் பார்த்தது. ஜெனெல் ஒரு தாளை வைத்து அழுத்தி எடுத்தாள். முதல் தாள் ஆயிற்று. ஒன்று மீதம்.

ஒன்று நாற்பதுக்கு வெர்டெல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மகளின் பாதத்தைக் கையில் எடுப்பதற்காகக் குனிந்தாள். கார்லிஸ் காலை இழுத்துக்கொண்டாள்.

“அங்க வேண்டாம் மா. நெத்தியில வை.”

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“நீ தூங்கிட்டுல்ல இருந்தே?” என்றாள் ஜெனெல்.

“யாராவது நெத்தியில எண்ணெய் தடவுறப்ப தூங்குவாங்களாடி? தினமும் முழிச்சுட்டுதான் இருந்தேன்.”

“ஒத்திகையில வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. மூணு ஒத்திகை!”

“சொன்னா நீ நிறுத்தச் சொல்லியிருப்பே.” கார்லிஸின் கண்ணோரம் கலங்கிக்கொண்டு வந்தது. அதைக் கீழே விடாமல் அண்ணாந்துகொண்டாள். கண் மையைக் காப்பாற்ற ஜெனெல்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தாள். “நேத்து அம்மா கால்லதான் வச்சா. ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல. வெளிய கார் ஸ்டார்ட் ஆகற சத்தம் கேட்டா அவன்தான் போறான்னு தோணுது. நெத்தியில வை மா.”

வெர்டெல் புட்டியைத் திறக்கவில்லை. சின்ன மகளைப் பார்த்தாள். ஜெனெல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று நாற்பத்து மூன்று. பவுடர் மேல் எண்ணெய் பட்டால் குழம்பித் திட்டாகி, முகம் முழுக்க வழிந்து இறங்கும். அது ஒன்றுதான் அப்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“பொறு” என்றாள். பஞ்சுக் குச்சியை நனைத்து, அக்காளின் நெற்றி நடுவில் பவுடரையும் ஃபவுண்டேஷனையும் எடுத்தாள். மேலிருந்து கீழே ஒரு கட்டைவிரல் அகலம், குறுக்கே ஒரு கட்டைவிரல் அகலம். தோல் தெரிந்தது. ஓரங்களை வெறும் பஃப்பால் கரை தெரியாமல் ஒற்றினாள். புதுப் பவுடர் தொடவில்லை. விதி ஞாபகம் இருந்தது.

“இதுக்குள்ள வை மா. வெளிய வராம. ஒரு சொட்டுக்கு மேல வேண்டாம்.”

வெர்டெல் ஒரே சொட்டைக் கட்டைவிரலில் எடுத்து மேலிருந்து கீழும் குறுக்கேயும் இழுத்தாள். கோட்டைத் தாண்டவில்லை.

கல்யாணம் நடந்தது. லவெல் நின்றான், சத்தமாகவே உறுதி சொன்னான். பிறகு கூடத்தில் விருந்து. பொரித்த மடவை, இறால், மூன்று தட்டு கேக். அடுத்த தெருவிலிருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. குளிரூட்டும் இயந்திரம் இரைந்ததே தவிர குளிரவில்லை. மணப்பெண்ணைத் தவிர அத்தனை முகங்களும் மினுங்கின. ஜெனெல் சாப்பிடாமல் அக்காளின் மூக்கையும் கன்னத்தையும் தாடையையும் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றுமில்லை. நெற்றியில் மட்டும் அந்த அடையாளம். அதற்குத்தான் ஒரு தாள் மீதம் இருக்கிறது. ஒரே அழுத்து.

நான்கு எட்டுக்கு அக்காளை ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். தாளை உருவி நெற்றிக்குக் கொண்டுபோனாள். கார்லிஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“தொடாத.”

“கல்யாணம் முடிஞ்சிருச்சு கார்லிஸ்.”

“தெரியும். லவெல் கார் எடுத்துட்டு வரப் போயிருக்கான். வந்துடட்டும்.”

“வாசல்லதானே நிக்குது கார்?”

“பெட்ரோல் போட்டுட்டு வர்றேன்னான்.”

ஜெனெல் கைப்பேசியைப் பார்த்தாள். நான்கு ஒன்பது. அக்காளின் விரல்கள் ஜில்லென்றிருந்தன.

“அவன் அந்த மாதிரி இல்ல.”

“அதுவும் தெரியும்டி. இருந்தாலும் இருக்கட்டும்.”

நான்கு பத்து. கையை உதறிவிட்டு அழுத்தியிருக்கலாம். கார்லிஸுக்கு அவ்வளவு பலமில்லை. ஜெனெல் தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு படம் எடுத்தாள். மூக்கு, கன்னம், தாடை எல்லாம் பட்டுத்துணி போல் அடங்கியிருந்தன. நெற்றியில் சிலுவை பளீரென்று மின்னியது.

நான்கு பதினாறுக்கு வாசலில் ஹாரன் அடித்தது. லவெல் தலையை நீட்டி, “என்ன கூட்டம் அந்த பங்க்குல!” என்றான். கார்லிஸ் நீளமாக மூச்சு விட்டாள். ஜெனெலின் பையில் கை விட்டு, கசங்கிய தாளைத் தானே எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு கார் பக்கம் ஓடினாள். ஆறு நிமிடம். ஜெனெலுக்கு அந்த பங்க்கில் லவெலுக்கு முன்னால் நின்ற ஒவ்வொருவர் மீதும் கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை பெட்டிஸ் டீச்சர் இரண்டு படங்களையும் வெகுநேரம் பார்த்தாள்.

“கன்னத்தை இப்படி மினுங்காம நானே வச்சதில்ல. இது என்ன நெத்தியில?”

“எண்ணெய் டீச்சர். ஆலிவ் எண்ணெய். அம்மா வச்சது.”

“சருமத்து எண்ணெய் இல்லியே?”

“இல்ல.”

டீச்சர் பேனாவை எடுத்தாள், வைத்தாள். “ஃபாரத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. மினுமினுப்பு உண்டு, இல்லைன்னு. யாரு வச்சதுன்னு கேட்டு ஒரு கட்டம் இல்ல.” ‘உண்டு’ என்பதில் குறி போட்டாள். போடும்போது ஜெனெலைப் பார்க்கவில்லை. நாற்காலி அந்த வாரமே பக்கத்து ஊரான மோஸ் பாயிண்டிலிருந்து வந்த ஒருத்திக்குப் போயிற்று.

ஜெனெல் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் முன்பே எழுதி வைத்திருந்தாள். சருமம் எப்படி, என்ன சோப்பு, ஒவ்வாமை உண்டா. அவற்றுக்கெல்லாம் மேலே, இருந்த குறுகிய இடத்தில், ‘வீட்டில் உங்கள் முகத்தை யாராவது தொடுகிறார்களா?’ என்று எழுதினாள். கேள்வி சரிதானா என்று தெரியவில்லை. அதைக் கோடிட்டு அடிக்கவும் இல்லை.

செவ்வாய் ராத்திரி வீட்டில் வெர்டெல் வாசலிலேயே கேட்டாள். “என்னாச்சு?”

“முதல்லேருந்து படிக்கணும்.”

அம்மா உள்ளே போனாள். ஜெனெல் சாய்வு நாற்காலியில் விழுந்து கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிப் புட்டியின் மூடி திருகும் சத்தம் கேட்டது. பிறகு முழங்கால் தரையில் படும் சத்தம். கட்டைவிரலின் சூடு நெற்றிக்கு அருகே வந்து, தொடாமல் நின்றது.

“நெத்தியில வேண்டாம் மா” என்றாள் கண்ணைத் திறக்காமலே. “வியாழக்கிழமை வகுப்புல ஒருத்தருக்கொருத்தர் பூசிப் பழகணும்.”

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள்.